பந்தய வண்டியின் சில்லுப் போதிகை: புதுக்கலும் நெய்யிடலும்

மோட்டார் வண்டிப் பந்தயம் காணச் செல்வோரின் கண்ணையும் செவியையும் முதலிற் கவர்வன பொறியின் முழக்கமும், வண்டியின் வடிவும், ஓட்டுநரின் துணிவுமேயாம். வண்டியை நிலத்தின்மேல் தாங்கி நிற்பன நான்கு சில்லுகள் என்பதை யாவரும் அறிவர். அந்நான்கு சில்லுகளையும் வண்டியோடு பிணித்து நிற்பது யாது என வினவுவோர் மிகச் சிலரே. ஒவ்வொரு சில்லின் நடுவிலும் குடம் என்னும் உறுப்பொன்று உண்டு. அக்குடத்தினுள், கையகத்தில் அடங்கும் அளவினதாய், உருக்கு வளையங்களும் குண்டுகளும் கூடிய கருவியொன்று மறைந்து கிடக்கின்றது. அதுவே போதிகை, பட்டறைகளிற் பெயறிங் என வழங்குவதும் அதுவே. விரைந்தோடும் வண்டியில் இருப்பவனது உயிர் பெரிதும் இப்போதிகைகளையே பற்றி நிற்கின்றது. ஓடித் தேய்ந்த போதிகையைப் பிரித்து, கழுவி, புதிய மசகுநெய் இட்டு மீண்டும் பூட்டுதல் பந்தயக்காரரிடையே உள்ள ஒரு வழக்கமாகும். அதன் முறை யாது, அதனால் மீள்வது யாது, மீளாதது யாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் இரு பொருள்களுக்கிடையில் எழும் உராய்வு பெரிது. ஒன்றன்மேல் ஒன்று உருண்டு செல்லுமிடத்து எழுவது சிறிது. மாட்டு வண்டியின் குடம் அச்சின்மேல் வழுக்கியே சுழல்வது. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்த வண்டி மையை அச்சிற் பூசும் வழக்கம் அதனாலேயே எழுந்தது. குடத்துக்கும் அச்சுக்கும் இடையே குண்டுகளை வைத்து உருளச் செய்யலாம் என்னும் கருத்துக்கு 1794 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் நகரினரான பிலிப் வோன் என்பார் காப்புரிமை பெற்றார். எனினும் அக்கருத்து உலகறியச் சிறந்தது ஒரு பந்தயத்திலேயாம். 1869 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7 ஆம் நாள் பாரிஸ் நகரிலிருந்து றூவான் நகர்வரை, 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், துவிச்சக்கர வண்டிப் பந்தயம் ஒன்று நிகழ்ந்தது. அதில் முதலாவதாக வந்த ஜேம்ஸ் மூர் ஏறிச் சென்ற வண்டியில் ஜூல் சூரிரே என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்த குண்டுப் போதிகைகள் பூட்டப்பட்டிருந்தன. 1883 இல் ஜேர்மனியின் சுவைன்பூட் நகரில் பிரீட்ரிக் பிஷர் என்பார் உருக்குக் குண்டுகளை ஒரே அளவினவாகவும் செம்மையான கோளங்களாகவும் அரைத்தெடுக்கும் பொறியை ஆக்கினார். 1898 இல் அமெரிக்கரான ஹென்றி டிம்கென் கூம்புருளைப் போதிகைக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் பாரத்தோடு பக்கத்திலிருந்து தள்ளும் பாரத்தையும் ஒருங்கே தாங்குதல் அதன் சிறப்பாகும். வளைவிலே திரும்பும் வண்டிக்கு இத்தன்மை இன்றியமையாதது.

போதிகையின் உறுப்புக்கள் ஐந்து: உள்வளையம், வெளிவளையம், அவற்றிடையே உருளும் குண்டுகள் அல்லது உருளைகள், அவற்றை ஒன்றோடொன்று முட்டாது இடைவிட்டு நிறுத்தும் கூடு, தூசியும் நீரும் புகாது காக்கும் அடைப்பு வளையம் என்பன. இவ்வைந்தோடு ஆறாவதாக எண்ணத்தக்கது மசகுநெய். கிறீஸ் எனப்படும் இது வெறும் தடித்த எண்ணெய் அன்று. இலிதியம் முதலிய உலோகங்களின் சவர்க்காரம் நுண்ணிய நார்களாகப் பின்னி நிற்க, அப்பின்னலினுள்ளே எண்ணெய் தேங்கி நிற்பதே மசகுநெய்யாம். நீரை உறிஞ்சிய கடற்பஞ்சை இதற்கு உவமையாகக் கூறலாம். அழுத்தமும் வெப்பமும் உற்றவிடத்து எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து குண்டுகளை நனைக்கின்றது.

குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது. பாரம் முழுவதும் அச்சிற்றிடத்தில் அழுந்துதலால், ஆங்கு எழும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தினும் பதினாயிரம் மடங்காதல் கூடும். அத்துணை அமுக்கத்திலும் உருக்கை உருக்குத் தொடாது காப்பது எண்ணெய்ப் படலமே. அதன் தடிப்போ பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு கூற்றினும் குறைவு. மனிதனின் தலைமயிர் அதனிலும் பன்மடங்கு தடித்தது. ஆகவே, ஒரு மணற்றுகள் உள்ளே புகுமாயின் அது படலத்தைக் கிழித்து உருக்கிற் பதியும் என்பது சொல்லாமலே அமையும். போதிகையைப் புதுக்குவோன் தூய்மையை இத்துணை வற்புறுத்துவது இதுபற்றியே.

இனிப் பந்தய வண்டியின் போதிகை எவ்வாறு வருந்துகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்று நேரே செல்லும்போது ஒவ்வொரு சில்லும் ஏறத்தாழ 250 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும். அதே வண்டி, தன் நிறைக்குச் சமமான பக்கவிசை எழும்படி வளைவில் விரைந்து திரும்புமாயின், பாரம் வெளிப்புறச் சில்லுகளுக்குப் பெயரும். வெளிப்புற முன்சில்லின் பாரம் 400 கிலோகிராம் அளவுக்கு உயரலாம். அம்மட்டோ? ரயர் நிலத்தைத் தொடும் இடத்தில் ஏறத்தாழ அதேயளவு விசை பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. அவ்விடம் அச்சுக்கு 30 சதமமீற்றர் அளவு கீழே உள்ளது. நெம்புகோலின் நீண்ட நுனியிற் கொடுத்த விசை எதிர்ப்பக்கத்துக் குறுகிய நுனியிற் பெருகுமாறு போல, அப்பக்கவிசை சில அங்குலமே இடைவெளியுள்ள இரு குண்டு வரிசைகளிற் பன்மடங்காய்ப் பெருகி அழுத்துகின்றது. தெருவிலே ஆண்டுக்கணக்காய் உழைக்கும் போதிகை பந்தயத்தில் விரைவில் நலிவதன் முதற்காரணம் இதுவே.

பாரத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை சுவீடன் நாட்டு அறிஞரான லுண்ட்பேர்க், பால்ம்கிரென் என்னும் இருவரும் 1947 இல் வகுத்துரைத்தனர். அவர்கள் கண்டபடி, குண்டுப் போதிகையின் ஆயுள் பாரத்தின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறையும். பாரம் இரட்டிப்பின் ஆயுள் எட்டிலொன்றாகும். மும்மடங்காயின் இருபத்தேழில் ஒன்றாகும். அன்றியும், அவ்வாயுள் ஒவ்வொரு போதிகைக்கும் உறுதியாகக் கூறப்படுவதன்று. ஒரேவகைப் போதிகைகள் நூறு ஓடுமாயின் தொண்ணூறு கடந்து செல்லும் எல்லையே கணக்கிடப்படுவது. எஞ்சிய பத்தும் அதற்கு முன்னரே கெடலாம். தன் கையிலுள்ளது அப்பத்தினுள் ஒன்றோ என்பதை எவரும் முன்னறிய இயலாது.

இரண்டாம் காரணம் வெப்பம். தடுப்பு வட்டு சில்லுக்குடத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. பந்தயத்தில் ஒவ்வொரு வளைவின் முன்னும் வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் இயக்கசத்தி வெப்பமாகி வட்டிற் சேர்கின்றது. வட்டின் வெப்பநிலை சதம அளவையிற் சில நூறு பாகைவரை ஏறும். அவ்வெப்பம் குடத்தின் வழியே போதிகைக்குட் கடக்க, மசகுநெய்யிலுள்ள எண்ணெய் நீர்த்து அடைப்பு வளையத்தைக் கடந்து ஒழுகும். எஞ்சியது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கருகித் தடிக்கும். சவர்க்கார நார் மட்டும் உலர்ந்து நிற்க எண்ணெய் அற்றுப்போன நிலை, நீர் வற்றிய பஞ்சின் நிலையேயாகும். உருக்கு இன்னும் நலமாயிருந்து நெய் மட்டுமே கெட்ட இந்நிலையிலேதான் புதுக்கல் பயன்தருவது.

போதிகை தளர்ந்தால் விளையும் கேடு உடனே சில்லுக் கழன்று விழுதல் அன்று. அதற்கு முன்னரே ஓர் எச்சரிக்கை தோன்றும். குடம் சிறிதளவு ஆடத் தொடங்கியதும் அதனோடு பிணைந்த வட்டும் ஆடும். ஆடும் வட்டு தடுப்புக் கட்டைகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த வளைவில் ஓட்டுநர் பிறேக்கை மிதிக்கும்போது, அக்கட்டைகள் மீண்டும் வட்டை அணுகுதற்கே மிதியின் பெரும்பகுதி செலவாகிவிட, கால் ஆழச் செல்லும், தடுப்போ பிந்தும். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 40 மீற்றருக்கு மேற் கடக்கின்றது என்பதை நினைவுகூர்ந்தால், அப்பிந்துதலின் பொருள் விளங்கும். மிதி வழமைக்கு மாறாக ஆழ்ந்ததை உணர்ந்த ஓட்டுநர் தடுப்பை மட்டும் ஐயுறாது போதிகையையும் ஐயுறுதல் வேண்டும்.

சில்லுப் போதிகைகள் அமைப்புமுறையால் இருவகைப்படும். ஒன்று, தனித்தனியே பிரித்தெடுத்து நெய்யிட்டு இறுக்கத்தைத் திருத்தத்தக்க இணைக் கூம்புருளைப் போதிகை. இது காலந்தோறும் திறந்து பேணுதற்கென்றே ஆக்கப்பட்டது. மற்றையது, இருவரிசைக் குண்டுகளும் அடைப்பு வளையங்களும் குடத்தோடு ஒன்றாய்க் கூடிய மூடிய தொகுதி. 1989 ஆம் ஆண்டில் அறிமுகமாகிய மாஸ்டா எம். எக்ஸ்-5 என்னும் சிறு வண்டியின் முன்சில்லுகள் இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாகும். அமெரிக்காவில் மியாற்றா எனப் பெயர்பெற்ற இவ்வண்டிகள் மட்டுமே ஓடும் பந்தய வகுப்பொன்று 1990களின் இறுதியில் ஆங்குத் தோன்றிற்று. இத்தகைய மூடிய தொகுதி கெட்டால் முழுவதையும் மாற்றுதலே தயாரிப்போர் கொண்ட முறை. ஆயினும் பந்தயக்காரர் பலர் புதிய தொகுதியையும், சிறிது ஓடிய தொகுதியையும் திறந்து, வெப்பந்தாங்கும் மசகுநெய்யை நிறைத்துப் பூட்டுகின்றனர். தெருவோட்டத்துக்கென இடப்பட்ட நெய் பந்தய வெப்பத்துக்கு ஆற்றாமையே இதற்குக் காரணம்.

பிரித்தலில் நினைவிற் கொள்ளவேண்டிய விதி ஒன்றே: குண்டுகளின் ஊடாக விசை செல்லுமாறு அடித்தலோ இழுத்தலோ ஆகாது. வெளிவளையம் குடத்தில் இறுகியிருக்க உள்வளையத்தைப் பிடித்து இழுத்தால், அவ்விசை முழுவதும் குண்டுகளின் வழியே கடந்து ஓடுபாதையிற் குழிகளைப் பதிக்கும். அழுத்தியிலிட்டுக் கழற்றும் அமைப்புடைய பின்சில்லுப் போதிகைகள் பல, கழற்றும் செயலாலேயே கெட்டுவிடுகின்றன. அவற்றைக் கழற்றிய பின் மாற்றுதலே தக்கது. எந்த வளையம் எப்பக்கத்தது, எந்த வரிசைக் குண்டுகள் எப்பாதையில் உருண்டன என்பதையும் குறித்து வைத்தல் வேண்டும். ஒன்றோடொன்று ஓடிப் பொருந்திய உறுப்புக்கள் இடம்மாறினால், பாரம் சமமாகப் பரவாது ஓரிடத்திற் குவியும்.

கழுவுமுன் பழைய நெய்யை நோக்குதல் நன்று. நோயறிவோன் நாடி பார்த்தலை இது ஒக்கும். நிறம் சற்று மங்கியிருப்பது இயல்பு. கருகித் தார்போல் ஆகியிருப்பின் மிகுவெப்பம் உற்றது என்க. பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்தது. விரலிடை வைத்துத் தேய்க்கும்போது வெள்ளிப்பொடி போல் மின்னுமாயின், உருக்கே தேய்ந்து நெய்யிற் கலந்துள்ளது. அப்போதிகைக்கு இனி நெய் வேண்டுவதில்லை, மாற்றே வேண்டும்.

பின்னர் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில், மயிர் உதிராத தூரிகையால், குண்டுகளிடையேயும் கூட்டினிடையேயும் எஞ்சிய நெய் முழுவதும் நீங்கும்வரை கழுவுதல் வேண்டும். முதற் கழுவலுக்கு ஒரு பாத்திரமும் இறுதிக் கழுவலுக்குத் தூய கரைப்பானுள்ள வேறொரு பாத்திரமும் கொள்வது முறை. பழைய நெய் எச்சமின்றி நீங்குதற்கு வேறொரு காரணமும் உண்டு. இலிதியச் சவர்க்காரத்தால் ஆகிய நெய்யும், களிமண்ணாலோ பொலியூரியாவாலோ தடிப்பிக்கப்பட்ட நெய்யும் கலந்தால், பல வேளைகளிற் பின்னல் குலைந்து எண்ணெய் நீராய் ஒழுகிவிடும். தனித்தனி நல்லனவாகிய இரண்டு சேர்ந்து தீயதாதல் இங்குக் காணப்படும். உலர்த்தும்போது அமுக்கிய காற்றைப் பாய்ச்சிப் போதிகையைச் சுழலவிடுதல் பெரும் பிழை. நெய்யற்ற குண்டுகள் மிகுவேகத்திற் சுழன்று பாதையைக் கீறுவதோடு, கூடு உடையின் தெறித்து ஆளையும் காயப்படுத்தும். உலர்ந்த உருக்கை வெறுங்கையால் தொட்டு வைத்தால் வியர்வையின் உப்பால் துருவேறும். ஆதலின் சோதனை முடிந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுதல் நலம்.

கழுவிய போதிகையைச் சோதித்தலே இத்தொழிலின் உயிர்நிலை. நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு, ஒவ்வொரு பாதையையும் குண்டையும் சுற்றிச் சுற்றி நோக்கல் வேண்டும். மேற்பரப்பிலிருந்து உருக்குச் செதில் உதிர்ந்த பள்ளம் காணப்படின், அது களைப்பினால் ஆகிய முறிவு. குண்டுகளின் இடைவெளிக்கு ஒத்த இடைவெளியிற் குழிகள் வரிசையாய்ப் பதிந்திருப்பின், அது சில்லு மேட்டில் மோதியதாலோ தவறாகக் கழற்றியதாலோ விளைந்த அழுத்தக் குழி. இதனையே ஒத்து, செந்நிறப் பொடியோடு தோன்றும் வேறொரு தழும்பும் உண்டு. அது சில்லுச் சுழலாது நிற்க, வண்டி அதிர்வதால் ஆவது. அமெரிக்காவிற் புதுவண்டிகளைப் புகைவண்டியில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பியபோது அவற்றின் சில்லுப் போதிகைகளில் இத்தழும்பு தோன்றிற்று. அதனை ஆராய்ந்து 1937 இல் அல்மென் என்னும் பொறியியலறிஞர் எழுதினார். பந்தயக் களத்துக்கு வேறு வண்டியில் ஏற்றிச் செல்லப்படும் வண்டிக்கும் இக்கேடு நேரலாம். ஓடாதிருத்தலும் ஒருவகைத் தேய்வுக்கு ஏதுவாதல் வியப்பன்றோ?

நிறமும் ஒரு சான்று. உருக்கு காற்றிற் சூடேறும்போது ஏறத்தாழ 200 பாகையைச் சற்றுக் கடந்ததும் வைக்கோல் நிறமும், ஏறத்தாழ 300 பாகையில் நீலமும் கொள்ளும். போதிகை உருக்கு அதனிலும் குறைந்த வெப்பநிலையிலேயே பெரும்பாலும் பதப்படுத்தப்படுவதால், நீலம் பாய்ந்த வளையம் தன் வன்மையை இழந்துவிட்டது என்பது உறுதி. நெய் உலர்ந்து படிந்த பழுப்புக் கறையை இதனோடு மயங்குதல் ஆகாது. கறை தேய்க்க நீங்கும், நிறமோ உருக்கின் மேற்பரப்பையே பற்றியது. இக்குறிகளுள் ஒன்று காணப்படினும் போதிகையை விலக்குதலே முறை. அரத்தாலும் மணற்றாளாலும் தேய்த்துப் பள்ளத்தை மறைப்போர் அதனைப் பெரிதாக்குவோரேயாவர். எண்ணெய்ப் படலத்தின் நுண்மைக்கு ஒவ்வும் செம்மையைக் கையால் ஆக்குதல் இயலாது.

குறி யாதும் காணப்படாத போதிகை முற்றும் நலமுடையதோ எனின், அன்று. குண்டு உருளும்போது எழும் மிகப்பெரிய அறுப்புத் தகைப்பு மேற்பரப்பில் அன்றி அதற்குச் சிறிது கீழே அமைகின்றது. கோடிக்கணக்கான சுழற்சிகளின் பின் நுண்வெடிப்பு ஆங்கே தோன்றி, காலப்போக்கில் மேலெழுந்து செதிலாய் உதிர்கின்றது. ஆகவே, கண்ணாடிபோல் மின்னும் பாதையின் அடியிலும் வெடிப்பு வளர்ந்துகொண்டிருத்தல் கூடும். கரைப்பான் அழுக்கை நீக்கும். நெய் படலத்தைத் தரும். கழிந்த ஆயுளை இவை இரண்டும் மீட்டுத் தாரா. இதனாலேயே அறிவுடைய பந்தயக்காரர் ஒவ்வொரு குடமும் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதை ஏட்டிற் குறித்து, குறித்த எல்லை வந்ததும் குறையேதும் தோன்றாவிடினும் அதனை மாற்றுகின்றனர்.

தகுதி கண்ட போதிகைக்கு நெய்யிடும் முறை பின்வருமாறு: வெப்பந்தாங்கும் கூட்டிலிதியச் சவர்க்கார நெய் போன்ற, சில்லுப் போதிகைக்கென்றே உரைக்கப்பட்ட நெய்யைத் தேர்தல் வேண்டும், இளக்க அளவில் இரண்டாம் தரத்தது பெரும்பாலும் பொருந்தும். கூம்புருளைப் போதிகையாயின், உள்ளங்கையில் நெய்யை வைத்து, போதிகையின் அகன்ற பக்கத்தை அதன்மேல் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடையே புகுந்த நெய் மறுபக்கத்தில் வெளிப்படும்வரை சுற்றிச் சுற்றி நிறைத்தல் வேண்டும். மேலே பூசுதல் நிறைத்தலாகாது. குண்டுத் தொகுதியாயின் ஒவ்வொரு குண்டின் சுற்றிலும் கூட்டின் பின்னும் விரலால் நெய்யைச் செலுத்தல் தகும். ஆயின் குடத்தின் வெற்றிடம் முழுவதையும் நிரப்புதல் தவறு. மிகுந்த நெய் கடையப்பட்டுத் தானே சூடேறி அடைப்பு வளையத்தைத் தள்ளி ஒழுகும். வெற்றிடத்தின் மூன்றிலொன்று முதல் அரைவரை நெய் இருத்தல் பொதுவிதி. கிழிந்த அல்லது வளைந்த அடைப்பு வளையத்தை மீளப் பூட்டுவோன், செய்த தொழில் முழுவதையும் வீணாக்குவோனாவான்.

பூட்டுதலிலும் இருவகைக்கும் வேறுபாடு உண்டு. கூம்புருளைக்கு, சில்லைச் சுழற்றிக்கொண்டே சுரையை இறுக்கி, உருளைகள் தம் இடத்திற் படிந்தபின் தளர்த்தி, மீண்டும் மெல்ல இறுக்கி, ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில கூறளவு அசைவு இருக்குமாறு விடுதல் பெருவழக்கு. அசைவே இன்றி இறுக்கினால் வெப்பத்தால் விரிந்து சிக்கிக்கொள்ளும். மிகத் தளர்த்தினால் வட்டு ஆடும். மூடிய தொகுதிக்கோ இவ்வாறு திருத்தும் இடமில்லை. இரு உள்வளையங்களும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் அளவிலேயே அதன் இறுக்கம் அமைந்துள்ளது. ஆதலின் தயாரிப்போர் உரைத்த முறுக்களவில், அளவுகாட்டும் திறப்பினால், புதிய சுரையைக்கொண்டு இறுக்குதல் வேண்டும். பூட்டிய பின் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தலும், கையாற் சுழற்றி ஒலியைக் கேட்டலும், முதல் ஓட்டத்தின்பின் குடத்தின் சூட்டை நான்கு சில்லுகளிலும் ஒப்பிட்டு நோக்குதலும் ஒழியாது செய்யத்தக்கன. மற்றை மூன்றும் ஒருபடியாக இருக்க ஒன்று மட்டும் மிகச் சூடாயின், அதனை மீண்டும் திறத்தலே கடன்.

இவ்வளவு உழைப்பு எதற்கு, புதியதை வாங்கிப் பூட்டலாகாதோ எனச் சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும், தொழிற்சாலையில் இட்ட நெய் பந்தய வெப்பத்துக்கு ஏற்றதன்றாயின், புதியதும் திறந்து நெய்யிடப்படவேண்டியதே. பொருட்சிக்கனம் ஒன்றையே கருதிப் புதுக்கத் தொடங்குவோன், விலக்கவேண்டியதைக் கண்டும் விலக்க மனமின்றி, நெய்யினாற் குறையை மூடுவான். நெய் நிறைந்த போதிகை எதுவும் கையில் மெல்லெனச் சுழலும். நலிந்ததும் நலமுற்றதுபோல் தோன்றும். அத்தோற்றத்தால் ஏமாறுவோன் பட்டறையில் நிற்பவன். அதன் விலையைக் கொடுப்போன் வளைவிலே வண்டியோட்டுபவன். ஆகவே, நெய்யிடக் கற்றலினும் நெய்யிடத் தகாததை அறிந்து ஒதுக்கக் கற்றலே இத்தொழிலில் முதன்மையானது. கழுவி நோக்கிய பத்துப் போதிகைகளில் மூன்றை அஞ்சாது ஒதுக்குபவன் கையாற் பூட்டிய ஏழையும் நம்பி ஓட்டுநர் வளைவினுட் புகலாம்.